இடது கை எங்கே போச்சு? டிஜிட்டல் பியானோவுக்கு ஹெட்போன் தேடிய கதை

எங்கள் வீட்டுக்கு யமஹா பி-45 வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மகளுக்கு என்று வாங்கியது, கடைசியில் அவளைவிட நான்தான் அதில் அதிகம் உட்காருகிறேன். எல்லோரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, அவள் தூங்கப் போன பிறகுதான் எனக்கு நேரம் கிடைக்கும், அதாவது ராத்திரி பத்து மணிக்கு மேல். பெரம்பூரில் சுவரோடு சுவர் ஒட்டிய அபார்ட்மென்டில் அந்த நேரத்தில் ஸ்பீக்கரில் வாசித்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆக, ஹெட்போன். வீட்டில்தான் நாலு கிடக்கிறதே, இதில் என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். சரியான ஒன்றில் வந்து நிற்க எட்டு மாதம் ஆனது. வழியில் செய்த தப்புகளையும் சேர்த்தே எழுதுகிறேன், யாருக்காவது கொஞ்சம் காசு மிஞ்சும்.

முதல் தப்பு ப்ளூடூத். கையில் ஏற்கெனவே நல்ல வயர்லெஸ் ஹெட்போன் இருந்தது, ஆபீஸ் மீட்டிங்குக்கு வாங்கியது. பி-45-ல் ப்ளூடூத் கிடையாது, அதனால் ஹெட்போன் ஜாக்கில் செருகுகிற சின்ன டிரான்ஸ்மிட்டர் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். இரண்டும் இணைந்தன, சத்தமும் வந்தது, கட்டையை அழுத்தினால் மட்டும் விரல் ஒரு பக்கம் போகிறது, சத்தம் பின்னாலேயே ஓடி வருகிறது. மெதுவான பாட்டில் சமாளித்துவிடலாம் போலத் தோன்றும். கொஞ்சம் வேகம் எடுத்தால் நாக்கு குழறுகிற மாதிரி விரல் குழறும். பழகிவிடும் என்று ஒரு வாரம் பிடிவாதமாக உட்கார்ந்தேன். பழகவில்லை, தாளம்தான் கெட்டது.

எவ்வளவு தாமதம் என்று பார்த்துவிடலாம் என்று போனை ரெக்கார்டிங்கில் போட்டு, ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் கட்டைகளுக்குப் பக்கத்திலேயே கவிழ்த்து வைத்து, ஒரு கட்டையைக் கொஞ்சம் பலமாகத் தட்டினேன். கட்டை அடியில் போய் இடிக்கும் 'டொக்' முதலில் பதிவாகும், ஹெட்போனில் வரும் ஒலி அப்புறம். அந்தப் பதிவை ஆடாசிட்டியில், அதாவது ஒலியை மேடு பள்ளமாக வரைந்து காட்டும் மென்பொருளில், திறந்து இரண்டு மேடுகளுக்கும் நடுவே இழுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 220 மில்லி விநாடி. கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், ஆனால் ஒலி ஒரு விநாடிக்கு 343 மீட்டர் போகும் என்று வைத்துக் கணக்குப் போட்டால் பியானோ என்னிடமிருந்து 75 மீட்டர் தள்ளி இருக்கிறது. தெருமுனையில் பியானோவை வைத்துவிட்டு மாடியிலிருந்து வாசிக்கிற கதை. நிமிடத்துக்கு 100 தாள அடி வேகத்தில் ஒரு தாள அடியை நாலாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 150 மில்லி விநாடிதான், அதாவது ஒரு ஸ்வரம் காதுக்கு வருவதற்குள் அடுத்ததையும் வாசித்து முடித்திருப்பேன். சினிமா பார்க்கும்போது இது ஏன் தெரிவதில்லை என்றால், போன் அந்தத் தாமதத்தைக் கணக்கில் எடுத்துப் படத்தையும் அதே அளவு தள்ளிப் போடுகிறது. நம் விரலை யார் தள்ளிப் போடுவது?

ஏபிடிஎக்ஸ் லோ லேட்டன்சி என்று தாமதம் குறைந்த ப்ளூடூத் முறை ஒன்று உண்டு, அதில் 40 மில்லி விநாடி அளவுக்கு இறங்கும், ஆனால் அனுப்புவதும் வாங்குவதும் இரண்டுமே அதை ஆதரிக்க வேண்டும். என்னுடைய ஹெட்போன் ஆதரிக்கவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'ப்ளூடூத் உள்ள பியானோ' என்று விளம்பரத்தில் பார்த்து ஏமாற வேண்டாம். பெரும்பாலான மாடல்களில் அது போனிலிருந்து பாட்டை வாங்கிப் பியானோவின் ஸ்பீக்கரில் ஒலிக்கச் செய்யவும், ஆப்களோடு பேசவும்தான். பியானோவிலிருந்து ஹெட்போனுக்கு அனுப்புவதற்கு இல்லை.

சரி, வயர்தான் என்று முடிவாயிற்று. அடுத்த தடை ஜாக். பி-45-ன் முதுகில் இருப்பது பெரிய ஓட்டை, 6.35 மில்லிமீட்டர், கடைக்காரர் பாஷையில் கால் இஞ்ச். நம் ஹெட்போன்களின் பின் 3.5. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வேறு வேலையாகப் போனபோது ஒரு கன்வர்ட்டர் பின் கேட்டேன், டப்பாவில் கையை விட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார், 40 ரூபாய். வீட்டுக்கு வந்து செருகினால் இடது காதில் மட்டும் சத்தம். ஹெட்போன் போச்சு என்று நினைத்து வேறொன்றைப் போட்டேன், அதிலும் இடது மட்டும். பியானோவே போச்சு என்று வயிற்றைக் கலக்கியது. பத்து நிமிடம் கழித்துத்தான் பின்னை விளக்கு வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தேன், உலோகத்தில் ஒரே ஒரு கருப்பு வளையம். ஒரு வளையம் என்றால் மோனோ. ஸ்டீரியோ பின்னில் இரண்டு வளையம் இருக்கும், அவை பின்னை மூன்று துண்டாகப் பிரிக்கும், நுனி இடது காதுக்கு, நடுத்துண்டு வலது காதுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான எர்த். ஒரு வளையப் பின்னில் அந்த நடுத்துண்டே கிடையாது, வலப்பக்கத்துச் சத்தம் நேராக எர்த்தில் போய்ச் சேர்ந்துவிடும். அடுத்த முறை போனபோது இரண்டு வளையம் எண்ணிப் பார்த்து வாங்கினேன். இதைப் படிப்பவர்கள் கடையிலேயே எண்ணுங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

கன்வர்ட்டர் சரியானதும் வீட்டில் கிடந்த பெரிய ஹெட்போன் ஒன்றைப் போட்டு வாசிக்க ஆரம்பித்தேன். பாட்டு கேட்க வாங்கியது, பாஸ் அதிரும் ரகம், குத்துப் பாட்டுக்கு அருமையாக இருக்கும். பியானோவும் அதில் பிரமாதமாகத்தான் கேட்டது, கீழ்க் கட்டைகள் கும்மென்று ஏதோ பெரிய கிராண்ட் முன்னால் உட்கார்ந்த மாதிரி. மூன்று மாதம் அதிலேயே ஓட்டினேன். வாரம் ஒருநாள் போகும் டீச்சர் வீட்டில் பழைய அப்ரைட் பியானோ இருக்கிறது, நிஜக் கம்பி, நிஜச் சுத்தியல். ஒருநாள் நன்றாகத் தயார் செய்து கொண்டுபோன மினுவெட் ஒன்றை அங்கே வாசித்து முடித்ததும் டீச்சர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "லெஃப்ட் ஹேண்ட் எங்கே போச்சு? வீட்லயே விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. வீட்டில் இரண்டு கையும் சரிசமமாகத்தானே கேட்டது? அப்புறம் பஸ்ஸில் வரும்போது பொறி தட்டியது. ஹெட்போன் கீழ் ஸ்வரங்களைத் தானாகவே பெரிதாக்கித் தருகிறது. என் காது அதைக் கேட்டு 'இடது கை அதிகம்' என்று நினைக்க, கையும் சொல்லாமலேயே அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டது. மூன்று மாதம் தினமும் அதைத்தான் பயிற்சி செய்திருக்கிறேன். வாசிப்பவனுக்கு ஹெட்போன் ஒரு ஸ்பீக்கர் மட்டுமில்லை, கைக்குக் கட்டளை போடுகிற சமாச்சாரம். பாட்டு கேட்பவருக்கு பாஸ் கொஞ்சம் கூடினால் நஷ்டம் ஒன்றுமில்லை, பாட்டு ஏற்கெனவே பதிவாகிவிட்டது. நமக்கு அப்படி இல்லை.

சந்தேகம் தீர ஒரு சோதனை செய்தேன். பி-45-ன் யுஎஸ்பி வழியாக லேப்டாப்பில் மிடி பதிவு செய்யலாம், ஒலியை இல்லாமல் எந்தக் கட்டையை எப்போது அழுத்தினோம் என்பதைக் குறித்துக்கொள்ளும் பதிவு அது, அதில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் எவ்வளவு வேகமாக அழுத்தினோம் என்று 1 முதல் 127 வரை ஒரு எண் விழும், வெலாசிட்டி என்பார்கள். அதே மினுவெட்டை அந்த பாஸ் ஹெட்போனில் ஐந்து தடவை, டீச்சர் சொன்னதை மறந்துவிட்டு இயல்பாக வாசித்தேன். இடது கை சராசரியாக 45-ஐ ஒட்டி, வலது கை 70 பக்கம். பிறகு வேறு ஹெட்போன் கிடைத்தபோது அதே மாதிரி ஐந்து தடவை. வலது கை ஏறக்குறைய அங்கேயேதான் இருந்தது, இடது கை 58-க்கு ஏறியது. நான் எதையும் வேண்டுமென்று மாற்றவில்லை. (லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போது யுஎஸ்பி மாட்டினால் ஹெட்போனில் 'ஙொய்' என்று ஒரு இரைச்சல் வந்தது, சார்ஜரைப் பிடுங்கியதும் போய்விட்டது. அது எர்த் விவகாரம், பியானோ கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள்.)

அந்த 'வேறு ஹெட்போன்' வந்த கதை இது. வடபழனியில் டப்பிங் ஸ்டுடியோவில் வேலை செய்யும் நண்பனிடம் போய் நின்றேன். "கேக்குறதுக்கா, வாசிக்கிறதுக்கா? அத மொதல்ல சொல்லு மச்சான்" என்று அவனே கேட்டபோது அடடா, இவனிடம் முதலிலேயே வந்திருக்கலாமே என்று இருந்தது. வாரத்துக்கு ஒன்றாகச் சிலவற்றைக் கொடுத்தான்.

முதலில் காதுக்குள் செருகும் ஐஇஎம். சின்னது, விலையும் குறைவு, ஒலி எதிர்பார்த்ததைவிட சுத்தம். ஆனால் காதை அடைத்துவிட்டால் உடம்பின் சத்தமெல்லாம் உள்ளேயே கேட்கும். வாசிக்கும்போது 'ஒன் அண்ட் டூ அண்ட்' என்று முணுமுணுக்கும் பழக்கம் எனக்கு, அது மண்டைக்குள் மைக் வைத்த மாதிரி இருந்தது, பெடலை மிதிப்பதுகூட 'தும்' என்று ஏறியது. போதாததற்கு இந்த ரகத்துக்குக் கொஞ்சம் மின்சாரமே போதும் என்பதால், பியானோ சும்மா இருக்கும்போது ஜாக்கில் இருக்கும் மெல்லிய 'ஸ்ஸ்' கூடக் கேட்டது. அடுத்து 250 ஓம் ஹெட்போன் ஒன்று. ஓம் என்பது ஹெட்போனின் மின்தடை அளவு. இது நேர் எதிர், வால்யூமை முழுக்க ஏற்றினாலும் பக்கத்து அறையில் யாரோ வாசிக்கிற மாதிரிதான். தனி ஆம்ப்ளிபயர் வைத்திருப்பவர்களுக்கு அது. ஓம் எண்ணை அட்டைப்பெட்டியில் பார்க்காமல் வாங்கக் கூடாது, ஒரே பெயரில்கூட வெவ்வேறு ஓம் உண்டு, பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ 32, 80, 250 என்று மூன்று விதமாக வந்திருக்கிறது. பியானோவில் நேராகச் செருக, 30-லிருந்து 80-க்குள் எதுவானாலும் கவலையில்லை என்பது என் அனுபவம்.

பிறகு ஸ்டுடியோவில் பாடகர்கள் போட்டுக்கொள்ளும் மூடிய ரகம். சமமான ஒலி, இடது கை இருந்த இடத்தில் இருந்தது, சத்தம் வெளியே கசியவே இல்லை. குழந்தை தூங்கும் அறையிலேயே பியானோ இருந்தால் இதுதான் சரி. எனக்கு இரண்டு தொல்லை. ஒன்று வியர்வை. ஹாலில் ஏசி கிடையாது, மே மாதத்தில் இருபதாவது நிமிடம் காதைச் சுற்றி ஈரத்துணி சுற்றிய மாதிரி ஆகிவிடும், கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட வேண்டும். ரெக்சின் மாதிரி இருக்கும் அந்த மேலுறை நம் ஊர் வியர்வையில் ஒன்றிரண்டு வருடத்தில் கருப்புப் பொருக்காக உரிந்து காதில் ஒட்டும், அதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வெல்வெட் மாதிரி துணிப் பேட் மாற்றலாம், ஆனால் மூடிய ரகத்தில் பேட் மாறினால் அடைப்பு மாறி பாஸ் குறையும், அது வேறு ஹெட்போன் ஆகிவிடும். இரண்டாவது, மூக்குக் கண்ணாடி. காலும் பேடும் சேரும் இடத்தில் சின்ன இடைவெளி விழுந்து அங்கேயும் பாஸ் கசிகிறது. கண்ணாடியோடு ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை கேட்டால் வித்தியாசம் தெரியும். கண்ணாடி இல்லாமல் எனக்கு நோட்டு தெரியாது, அதனால் விவாதத்துக்கே இடமில்லை.

திறந்த ரகம் வந்ததும் முதல் ஐந்து நிமிடத்திலேயே இதுதான் என்று தோன்றியது. காதுக்குப் பின்பக்கம் வலை மட்டும்தான், காற்று போகும், ஒலியும் போகும். பியானோ மண்டைக்குள் இல்லாமல் கொஞ்சம் முன்னால் தள்ளி, கட்டை இருக்கும் இடத்துக்குக் கிட்டே கேட்டது. நண்பனிடம் இருந்தது சென்ஹைசர் எச்டி 560எஸ், 120 ஓம், 240 கிராம். பி-45-ல் வால்யூம் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருந்தது, ஆனாலும் போதும். கேட்கும் சுகத்தில் நான் போட்டுப் பார்த்ததிலேயே அதுதான் மேல், என் பட்ஜெட்டுக்கும் அதுதான் மேல். கடைசியில் வாங்கியது ஏகேஜி கே240 ஸ்டுடியோ, அரைத் திறந்த ரகம், 55 ஓம், எடை ஏறக்குறைய அதே அளவு. இதில் எனக்குப் பிடித்தது ஒலியைவிட ஒயர்தான். ஒயரைத் தனியாகக் கழற்றலாம், மூன்று முள் கொண்ட மினி எக்ஸ்எல்ஆர் இணைப்பு, ஒயர் மூன்று மீட்டர் நீளம், கால் இஞ்ச் கன்வர்ட்டரும் திருகி மாட்டுகிற மாதிரி கூடவே வருகிறது, இரண்டு வளையத்தோடு. ஹெட்போன் சாவது எப்போதும் ஒயரில்தான். பியானோவின் முதுகில் செருகி, பெஞ்சை இழுக்கும்போது அதன் மேலேயே காலை வைத்து ஏறும் வீட்டில் இது பெரிய விஷயம்.

அதிர்வெண் எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. 40,000 ஹெர்ட்ஸ் வரை போகும் என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்துக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். 88 கட்டையில் கடைசிக் கட்டையின் அடிப்படை அதிர்வெண்ணே 4,186 ஹெர்ட்ஸ்தான், அதற்கு மேல் இருப்பது மேல்சுரங்கள், அதாவது அடிப்படைச் சுரத்தோடு கூடவே ஒலிக்கும் உயர்ந்த அதிர்வுகள். முதல் கட்டை 27.5, ஆனால் நிஜப் பியானோவிலேயே அந்த ஆழத்தில் அடிப்படைச் சுரம் மெலிந்துதான் இருக்கும், மேல்சுரங்களை வைத்து நம் காதுதான் அதைப் பூர்த்தி செய்கிறது. ஆகவே கீழே கும்முகிறதா என்பதைவிட, நடுவில், அதாவது இரண்டு கட்டை விரல்களும் சந்திக்கும் நடு 'சி'யைச் சுற்றி ஒரு ஸ்வரம் திடீரென்று துருத்திக்கொண்டு கேட்கிறதா என்று பாருங்கள். நான் செய்தது, ஒரே அழுத்தத்தில் கீழிருந்து மேலே கருப்பு வெள்ளை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மெதுவாக வாசித்துப் போவது. மோசமான ஹெட்போனில் சில கட்டைகள் கத்தும், சில காணாமல் போகும். மேல்பக்கம் சுத்தியல் ஓசை கண்ணாடி உடைகிற மாதிரி கூசினால் அதுவும் வேண்டாம், அரை மணியில் காது களைத்துவிடும்.

கூடுதல் விலை மாடல்களில் ஹெட்போனுக்கென்றே தனி ஏற்பாடுகள் உண்டு. வாசிப்பவரின் காது இருக்கும் இடத்தில் மைக் வைத்துப் பதிவு செய்த ஒலியை யமஹாவின் சில மாடல்கள் ஹெட்போன் செருகியதும் எடுத்துக்கொள்கின்றன, கவாயின் சில மாடல்களில் திறந்ததா மூடியதா என்று ஹெட்போன் வகையையே தேர்ந்தெடுக்கலாம். பி-45-ல் அதெல்லாம் இல்லை. ரிவெர்பை, அதாவது அறையின் எதிரொலி மாதிரி சேர்க்கும் விளைவை, 'ரூம்' என்பதில் வைத்து அளவை மிகக் குறைவாக விட்டேன், ஒலி மண்டையை விட்டுக் கொஞ்சம் இறங்கியது. அதிகம் வைத்தால் பெடல் தப்பை மறைத்துவிடும்.

வால்யூம் ஸ்லைடரில் பாதிக்குச் சற்றுக் கீழே மனைவியின் நெயில் பாலிஷில் ஒரு கோடு போட்டிருக்கிறேன், அதற்கு மேல் போவதில்லை. 80 டெசிபல் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை. நாம் அவ்வளவு நேரம் வாசிப்பதில்லைதான், ஆனால் ராத்திரி உற்சாகத்தில் ஸ்லைடர் தானாக ஏறிக்கொண்டே போகும், அதைச் சொல்கிறேன். திறந்த ரகத்தில் கசிவு பற்றிக் கேட்பீர்கள். கோட்டுக்குக் கீழே வாசித்தால் சோபாவில் உட்கார்ந்திருப்பவருக்குக் "கொசு பாட்டு கத்துக்கிற மாதிரி" கேட்கிறதாம், மூடிய அறைக்குள் ஒன்றுமில்லை.

இவ்வளவும் செய்த பிறகு கீழ் வீட்டுப் பெரியவர், ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மாடிப்படியில் பிடித்துக்கொண்டார். "தம்பி, ராத்திரி பத்தரைக்கு மேல என்ன இடிக்கிறீங்க? மொளகாப்பொடி வியாபாரம் எதுவும் ஆரம்பிச்சிருக்கீங்களா?" எனக்கு அவமானமாகப் போய்விட்டது. சத்தமே வெளியே போகாது என்று நம்பிக்கொண்டிருந்தேனே. அவர் சொன்னது பியானோ ஒலி இல்லை, கட்டை அடியில் போய் மோதும் இடி. கனமான கட்டைகளுக்குள் நிஜமாகவே சின்னச் சுத்தியல்கள் ஆடுகின்றன, அந்த அதிர்வு ஸ்டாண்டு வழியாகத் தரையில் இறங்கி அவர்கள் சீலிங்கில் கேட்கிறது. காற்றில் வரும் சத்தத்தைத்தான் ஹெட்போன் நிறுத்தும், காங்கிரீட்டில் போவதை அதனால் என்ன செய்ய முடியும்? வாஷிங் மெஷினுக்குக் கீழே வைக்கும் ரப்பர் கால் நாலு வாங்கி ஸ்டாண்டு கால்களுக்கு வைத்தேன், அதற்கும் அடியில் குழந்தைகள் விளையாடும் பஞ்சுப் பாய்த் துண்டுகள், பெடலுக்கும் ஒன்று. அவர் வீட்டுக்கே போய் நின்று, மகளை மேலே வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். முன்பு 'டொக் டொக்' என்று கேட்டதாம், இப்போது கூர்ந்து கேட்டால் மட்டும் ஏதோ இருக்கிறது.

மீதியைச் சரிசெய்தது ஹெட்போன்தான் என்று நினைக்கிறேன். மூடிய ரகத்தில் என் இடி எனக்கே கேட்டதில்லை. கே240-ல் கட்டையின் 'டொக்' காதில் விழுகிறது, விழவிழ விரல் தானாகவே மென்மையாக இறங்கப் பழகிவிட்டது. டீச்சர் வீட்டு அப்ரைட்டில் இடது கை திரும்ப வந்துவிட்டது, வலது கை சுண்டு விரலைப் பற்றி இப்போது புதிதாகத் திட்டு வாங்குகிறேன்.

பாக்கி ஒரு வேலை இருக்கிறது. மகளோடு நாலு கை வாசிக்க ஆசை, பி-45-ல் ஒரே ஒரு ஹெட்போன் ஜாக். ஒய் வடிவப் பிரிப்பான் ஒன்றை மாட்டி, எனக்குக் கே240, அவளுக்குப் பழைய பாஸ் ஹெட்போன் என்று முயன்றோம். அவள் பக்கம் சத்தம் காதைக் கிழிக்கிறது, என் பக்கம் முனகுகிறது, ஓமும் உணர்திறனும் வேறுவேறாக இருந்தால் ஒரே ஸ்லைடரில் இரண்டு பேருக்கும் ஒத்துவராது. அதே மாடலில் இன்னொன்று வாங்கலாம், இல்லையென்றால் தனித்தனி வால்யூம் குமிழ் உள்ள சின்ன ஹெட்போன் ஆம்ப் ஒன்று. ஆம்ப்தான் மலிவு என்று கணக்கு சொல்கிறது. மகள் வெள்ளை நிறத்தில் ஹெட்போன் வேண்டும் என்கிறாள்.